ஐந்து டாலர் கிளமெண்டே

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பத்து வயது மகனுடன் மாதந்தோறும் ஓர் ஓட்டலில் நடக்கும் கார்டு ஷோவுக்குப் போய், பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட பழைய கார்டுகளை வாங்குகிறேன். போன மாதம் வயதான ஒரு அம்மாள், இறந்துபோன கணவரின் சேகரிப்பை விற்றுக்கொண்டிருந்தார். 'எதை எடுத்தாலும் ஐந்து டாலர்' பெட்டியில் பிட்ஸ்பர்க் அணியின் நட்சத்திர வீரர் ராபர்ட்டோ கிளமெண்டேயின் கார்டு, டாப்ஸ் நிறுவனம் 1955இல் வெளியிட்டது! ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்துவிட்டேன். இப்படி மலிவாகக் கிடைக்க எந்த நேரத்தில் போக வேண்டும்? எப்படிப் பேரம் பேசுவது? இது நல்ல முதலீடா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பேரனுக்குக் கொடுப்பதற்காக என் பழைய கார்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எதை யாரிடம் என்ன விலைக்கு வாங்கினேன் என்ற நினைப்பிலேயே நாள் போகிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நேரம் பற்றி: காலையில் போனால் நிறைய இருக்கும், கடைசி மணி நேரத்தில் விலை இறங்கும். முதலீட்டுப் பேச்சை விடுங்கள். 1952 மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனதை வைத்து யாரும் வீட்டுக் கணக்குப் போடக் கூடாது.

மலிவுக்கு வருகிறேன். பழைய கார்டில் விலையைத் தீர்மானிப்பது அதன் நிலைமை. மூலை மழுங்கியிருந்தால், நடுவில் மடிப்பு விழுந்திருந்தால், படம் ஒரு பக்கமாக ஒதுங்கி அச்சாகியிருந்தால் விலை பல மடங்கு சரியும். கார்டோடு வந்த பபிள்கம்மின் கறை பின்பக்கம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பையன்கள் கார்டுகளை சைக்கிள் சக்கரத்தில் செருகி ஓட்டினார்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். அப்படி அடிபட்ட கார்டுதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டும். நான் அதைத்தான் விரும்பி வாங்குவேன். பழைய கார்டின் ஓரம் மட்டும் புத்தம்புதிதாகத் தெரிந்தால் அளந்து பாருங்கள். மழுங்கலை மறைக்க ஓரத்தை வெட்டுகிறவர்கள் உண்டு.

மகன் பிட்ஸ்பர்க்கில் படித்தபோது அவனைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து ஊரில் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஒரு ஷோ. அங்கே ஒரு முதியவர் கிளமெண்டேயின் 1973 கார்டை வைத்திருந்தார். உறைமேல் 'பின்பக்கம் மடிப்பு' என்று அவரே பென்சிலால் எழுதியிருந்தார். நான் விலை கேட்குமுன் கார்டைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, மடிப்பைக் காட்டினார். பிறகு அங்கே அச்சிட்டிருந்த ஆட்டக் கணக்கின் கடைசி வரியில் விரல் வைத்தார்: 3000 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸைச் சேர்ந்த கணக்கு. மூவாயிரமாவது ஹிட் 1972 செப்டம்பர் 30இல் வந்தது. அந்த டிசம்பர் 31இல் நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போன விமானம் கடலில் விழுந்து கிளமெண்டே இறந்தார். அந்தப் புத்தாண்டு காலையில் தன் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று முதியவர் சொன்னார். அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரம் பேச வாய் வரவில்லை.

எஸ், அந்த மனிதர் குறையைத் தானாகவே சொல்லி விற்றார். நீங்கள் மதிப்பைத் தெரிந்துகொண்டே மறைத்து வாங்கியிருக்கிறீர்கள். 1955 கார்டு கிளமெண்டேயின் முதல் கார்டு. கந்தலாக இருந்தாலும் பல நூறு டாலர் போகும். உங்களுக்கு அது தெரியும், தெரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை. தொழில் தெரிந்த டீலர் ஒருவர் கவனிக்காமல் விட்டிருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். விலை போடுவது அவர் வேலை. இந்த அம்மாள் கணவரை இழந்து, அவர் ஆசையாகச் சேர்த்ததை என்ன செய்வதென்று தெரியாமல் ஐந்து டாலர் பெட்டியில் கொட்டியிருக்கிறார். அவருடைய அறியாமையில் கிடைத்ததை மலிவு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பக்கத்தில் பையன் வேறு நின்றிருக்கிறான்!

நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவர் இதை எனக்கு எழுதியிருக்க மாட்டார். அடுத்த ஷோவுக்கு அந்த அம்மாள் வராவிட்டாலும் நடத்துகிறவர்களிடம் அவருடைய தொடர்பு இருக்கும். பையனையும் அழைத்துக்கொண்டு போய், அது என்ன கார்டு என்று சொல்லுங்கள். நியாயமான விலையைக் கொடுங்கள், முடியாவிட்டால் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். மற்ற பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் உதவுங்கள், அவருக்கு அதுதான் இப்போது அவசரம்.

அப்புறம் எனக்கு எழுதுங்கள். உங்கள் பையனுக்கு 1956 டாப்ஸ் வரிசையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.