ஊருக்குப் போகிறீர்களா? ஏழு கேள்விகள்

19 வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு, இப்போது திருச்சியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் அதோடு விடுவதில்லை. நகை எவ்வளவு கொண்டு வரலாம், மாமியார் வீட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதுவரை கேட்பார்கள். இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்தவையும் அந்த ரகம்தான்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகி: பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் பள்ளி விடுமுறை. டிக்கெட் விலை மலையேறி நிற்கிறது. எப்போது போவது நல்லது?

விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஊரில் இறங்கும் ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் காலை எட்டரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் பிள்ளைகள் திண்ணையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும். மாலை அவர்கள் வந்தால் ட்யூஷன், வீட்டுப்பாடம். இரண்டு வருடம் இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது டிசம்பரில் போய்ப் பாருங்கள். உங்கள் பக்கம் குளிர்கால விடுமுறை, இங்கே அரையாண்டுத் தேர்வு முடிந்து கடைசி வாரம் லீவு. ஒரு வாரம்தான் ஒத்துப்போகும், ஆனால் அந்த ஒரு வாரம் ஒரு மாதத்துக்குச் சமம். டிக்கெட் அப்போதும் மலிவில்லை. ஆகஸ்டிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஜூலைதான் என்றால், ஆடி மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆடியில் கல்யாணம், கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். அழைப்பிதழைக் காட்டி உங்கள் நாட்களை யாரும் பறிக்க முடியாது. அம்மன் கோவிலில் கூழ், ஜவுளிக் கடையில் தள்ளுபடி, மழை கை கொடுத்தால் குற்றாலத்தில் சாரல். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காதோலை கருகமணியை ஆற்றில் விடுவதை வீடியோவில் பார்ப்பது வேறு, படிக்கட்டில் கால் நனைய நின்று பார்ப்பது வேறு. கூட்டத்தில் சின்னதுகளின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தோஹாவிலிருந்து: நானும் மனைவியும் எவ்வளவு தங்கம் கொண்டு வரலாம்?

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வரியில்லாமல் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். நம் கணக்கில் ஐந்து பவுன், இரண்டரைப் பவுன். இது நகைக்கு மட்டும்தான். நாணயமும் கட்டியும் இதில் சேராது. மதிப்பு வரம்பு பற்றிய விதியை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் கிளம்பும் வாரம் சுங்கத் துறையின் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அளவுக்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள், ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. ஊரில் லாக்கரில் இருக்கும் பழைய நகையை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே நகையோடு திரும்பும்போது ‘இது எங்கே வாங்கியது’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

சிங்கப்பூரிலிருந்து: சென்னையில் இறங்கி நெல்லை போக வேண்டும். தட்கலில் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். முன்பதிவும் முன்போல 120 நாள் இல்லை. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். விமான டிக்கெட் எடுத்த கையோடு ரயில் ஏறும் நாளுக்கு அறுபது நாள் முந்தைய நாள் எது என்று எண்ணி காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். ஊரில் ஆதார் உள்ள தம்பியோ மச்சானோ இருந்தால் அவருடைய கணக்கிலேயே உங்களுக்கு எடுத்துத் தரலாம். எழும்பூரிலிருந்து நெல்லைக்கு வந்தே பாரத் இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் போய்விடும். ஆனால் மதியம் இறங்கும் விமானத்தை நம்பி அன்றைக்கே ரயில் போடாதீர்கள். பெட்டி வரத் தாமதமானால் ரயில் காத்திருக்காது.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தப் பயணத்திலேயே ஆதாருக்குப் பதிந்துவிடுங்கள். உங்களுக்கு இந்தியாவில் 182 நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு, அது உண்டு.

நியூ ஜெர்சியிலிருந்து: ஐந்து மாதக் குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட். ஓசிஐ வர நாளாகும் போலிருக்கிறது.

ஓசிஐக்காகப் பயணத்தைத் தள்ள வேண்டாம், இ-விசாவில் கூட்டி வாருங்கள். குறைந்தது நான்கு நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் சொல்வது மூன்று வாரம். இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அரசுத் தளம் மாதிரியே வேடம் போட்ட தளங்கள் நிறைய இருக்கின்றன. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லண்டனிலிருந்து ஒரு வாசகி: 21 நாள் லீவு. கணவர் வீடு காரைக்குடி, என் வீடு நாகர்கோவில். பார்க்க வேண்டிய சொந்தங்கள் 14 வீடு. போன முறை யாருக்குமே திருப்தியில்லை, எனக்கும்தான்.

இந்தக் கேள்வி வராத வருடமே கிடையாது.

முதலில் என் கதை. ஒரு வருடம் 19 நாள் லீவில் 17 வீடு ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் காபி, மிக்சர், ‘இவ்வளவு இளைச்சிட்டியே’. நாங்கள் வருகிறோம் என்று அப்பா பால்காரரிடம் தினம் ஒரு லிட்டர் கூடுதலாகச் சொல்லியிருந்தார். கிளம்புகிற அன்று பால் கணக்குப் பார்க்கும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: பாதி நாள் அதை உறை ஊற்றித் தயிராக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாராம். நாங்கள் வீட்டில் இருந்தால்தானே குடிப்பதற்கு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

அடுத்த பயணத்திலிருந்து முறையை மாற்றினோம். இறங்கியதும் முதல் ஐந்து நாள் எங்கும் போவதில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சமையலுக்கு ஆள் வைத்து, வாழை இலை போட்டு, உள்ளூர்ச் சொந்தம் எல்லோரையும் கூப்பிட்டுவிடுவோம். அன்றோடு பத்து வீடு முடிந்தது. அப்புறம் நாமே நடந்து போக வேண்டிய வீடுகள் மட்டும் மிஞ்சும்: எழுந்து வர முடியாத பெரியவர்கள், புதிதாகக் கல்யாணமான ஜோடி, நாம் இல்லாதபோது துக்கம் நடந்த வீடு. துக்கம் கேட்கப் போகும் நாளில் வேறு வீட்டுக்குப் போகாதீர்கள். செவ்வாய், வெள்ளியில் பல வீடுகளில் துக்கம் கேட்கும் வழக்கமும் இல்லை, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

காரைக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல். இதை மூன்று தடவை போய் வர நினைக்காதீர்கள். ஒரே தடவை, பத்து நாள் அங்கே, பத்து நாள் இங்கே. எந்த வீடு முதலில் என்பதை ஒரு பயணம் விட்டு ஒரு பயணம் மாற்றுங்கள், அதைக் கிளம்பும் முன்பே இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியது உங்கள் கணவர், அவருடைய அம்மாவிடம். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு மாதிரி கேட்கும்.

மஸ்கட்டிலிருந்து: ஒவ்வொரு முறையும் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு.

நான் மருத்துவன் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு ஊசி போடுவதானால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாவது போட வேண்டும். ஊரில் கொதித்து ஆறிய தண்ணீர். ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அது குழந்தைக்குக் கெடுதல். மேலே அச்சிட்ட அளவைப் படித்துக் கலக்குங்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் பாட்டி வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு.

திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலா பொடியில் கசகசா இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வளைகுடாவில் அமீரகம், சவூதி இரண்டிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும்தான். கொப்பரையைத் தீப்பிடிக்கும் பொருள் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாய் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். மாற்றி வைத்தால் இரண்டும் போச்சு.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தாத்தா: மே மாதம் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறார்கள். ஏசி போட வேண்டுமா? வீட்டில் வேறு என்ன மாற்றுவது?

ஐயா, ஒரு அறைக்கு ஏசி போட்டால் போதும், எல்லோரும் அதிலேயே பாய் விரித்துக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். ஸ்டெபிலைசரோடு போடுங்கள். மே மாதம் மாட்ட ஆள் கிடைக்க மாட்டார், மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், குந்தும் கழிவறை மட்டும்தான் இருக்கிறது என்றால் பக்கத்தில் ஒரு உட்காரும் கழிவறை கட்டிவிடுங்கள்; பழக்கமில்லாத பிள்ளை அடக்கி வைத்துக்கொண்டு வயிற்று வலியில் படுத்துவிடும். உங்கள் முழங்காலுக்கும் அது ஆகும். வேறொன்றும் மாற்ற வேண்டாம். பால் மட்டும் முதல் இரண்டு நாள் எவ்வளவு செல்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கூட்டச் சொல்லுங்கள்.