மறுப்பாணையில் என்ன எழுதியிருந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் இருக்கிறேன். அப்பா சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதி வந்ததிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. “போக வர மனுசனுக்கு இருக்கிற உரிமையைப் பறிக்கிறதை ஆதரிக்கிற நீ என்ன லிபரல்?” என்கிறார். கல்லூரி நண்பர்களோ, லிபரல் என்றாலே பணக்காரர்களின் வலதுசாரி அரசியல் என்கிறார்கள். பக்கத்தில் பளியர் பழங்குடிக் குடியிருப்பில், வாழும் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்ட வன உரிமை மனுக்களை மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது வேறு விஷயம். லிபரலாக இருப்பது என்றால் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

அது வேறு விஷயம் இல்லை. கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடமும், பதில் எழுத வைத்த இடமும் அந்த ஒரு வரிதான். அதற்கு வருகிறேன்.

இடதா வலதா என்பதை விடுங்கள். 1959ல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜியும் லிபரல் எனப்பட்டார், வரி வாங்கி அரசு மருத்துவமனை கட்டு என்பவரும் லிபரல் எனப்படுகிறார். நண்பர்களோடு அந்த வாதத்தில் மாலைகளைத் தொலைக்காதீர்கள்.

இ-பாஸிலும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிக்கல் இல்லை. அது 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடக்கிறது. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தது. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விளைபொருள் வண்டிக்கும் விலக்கு. யார் போட்ட உத்தரவு, எத்தனை வண்டி, யாருக்கு விலக்கு, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அப்பா வக்கீல் வைத்து அதை எதிர்க்கலாம், நீங்கள் ஆதரிக்கலாம், இருவருமே லிபரலாக இருக்கலாம். அறைகள் காலியாகக் கிடக்கும் கவலையில் இருப்பவரிடம் கொஞ்சம் கனிவாகப் பேசுங்கள்.

அதிகாரம் ஒருவர்மேல் கை வைக்கும்போது, எந்தச் சட்டப்படி, காரணத்தை எழுதிக் கொடுத்தீர்களா, அவர் தரப்பைக் கேட்டீர்களா, மேல்முறையீடு எங்கே என்று கேட்பவரே லிபரல். அந்த ஒருவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் கேட்கவேண்டும். 1977ல் ஜனதா அரசு மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கியது. ‘பொதுநலன்’ என்றார்கள், காரணம் தர மறுத்தார்கள். நெருக்கடி நிலையின் காயம் ஆறாத காலம். இந்திராவின் மருமகளுக்காக இரங்க எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்? 1978 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உரிமையில் கை வைக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்று அந்த வழக்கில்தான் சொன்னது. இன்று உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் அதுவே காவல்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. மலைப்பகுதிக் கட்டட விதியை மீறி எழும்பிய ஒரு ஹோட்டலுக்கு மட்டும் 1994ல் விலக்களித்து அரசாணை வந்தது. பழனி மலைகள் பாதுகாப்புக் கவுன்சில் வழக்குப் போட்டது. 1995ல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

இனி அந்த ஒரு வரி. மொத்தமாகத் தள்ளினார்கள் என்கிறீர்கள். யார் தள்ளியது? ஆணையைப் படித்தீர்களா? இதைக் கேட்காமல் ‘ஒன்றும் செய்ய முடியவில்லை’ என்று எழுதுவது சோம்பல்.

2006 வன உரிமைச் சட்டப்படி மனு கிராம சபைக்குப் போகிறது. வன உரிமைக் குழு நிலத்தைப் போய்ப் பார்க்கிறது, கிராம சபை தீர்மானம் போடுகிறது. பிறகு கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழு, அதன் பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. வனத்துறை அலுவலர் தனியாக எந்த மனுவையும் தள்ள முடியாது. ‘உங்களுக்குக் கிடைக்காது’ என்று அவர் வாயால் சொன்னது மறுப்பே ஆகாது. பல குடியிருப்புகளில் சனங்கள் அதை நம்பித்தான் ஓய்ந்துபோகிறார்கள்.

குழு தள்ளியிருந்தால், 2012ல் திருத்திய விதிகளின்படி காரணங்களை விளக்கி எழுதவேண்டும், மனுதாரரிடம் நேரில் சேர்க்கவேண்டும். ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற ஒரே வரியை எல்லா மனுவிலும் ஒட்டுவது காரணம் ஆகாது. ஆதாரம் போதவில்லை என்றால் மனுவைக் கிராம சபைக்குத் திருப்பி அனுப்பவேண்டும். பழைய அபராத ரசீதையோ ஆக்கிரமிப்பாளர் பட்டியலையோ மட்டும் வைத்து மறுக்கக் கூடாது. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றாகலாம், மற்ற சான்றுகளை அது தள்ளிவிட முடியாது. மேல்முறையீட்டுக்கு 60 நாள், குழு விரும்பினால் இன்னும் 30 நாள். சரிபார்ப்பு முடியாமல் யாரையும் வெளியேற்ற முடியாது என்கிறது பிரிவு 4(5).

2019 பிப்ரவரி 13ல், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 28ஆம் தேதி அதே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, என்ன நடைமுறைப்படி தள்ளினீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. லட்சக்கணக்கான குடும்பங்கள் அன்று காட்டில் தங்கியது நடைமுறை பற்றிய அந்தக் கேள்வியால்தான். ‘வெறும் நடைமுறை’ என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். கிராம சபையில் பாதிப்பேர் இருக்கவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும். கூட்டம் முடிந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய பதிவேடு மேலே போனதும் அடிபடும். நிலத்தைப் பார்க்கும் நாளில் வனத்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரிய ஓட்டை ஆதாரத்தில் இருக்கிறது. குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பட்டா இல்லையே என்று பளியர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். ரேஷன் அட்டை ஒன்று. புதைகாடு, சாமி இடம், பழைய கிணறு, கல் அடுக்கிய வரப்பு இவையும் சான்றுதான். மூத்தவர்களின் வாய்மொழியும் சான்று, ஆனால் அது எழுத்தில் இருக்கவேண்டும், சொல்பவர் அந்த மனுவைப் போட்டவராக இருக்கக் கூடாது.

உங்களுக்கு எழுதத் தெரியும், நேரமும் இருக்கிறது. முதலில் மறுப்பாணை யார் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாதவர்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். காத்திருக்கும் நாட்களில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஓடையிலிருந்து எந்தப் பாறை வரை, யாருடைய காலத்திலிருந்து என்று அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, தேதி போட்டுக் கைநாட்டு வாங்குங்கள்.