எங்கே போனாலும் சரிங்க

வணக்கமுங்க ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களை ஷிப்மெண்ட் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளிக்குக் கம்பெனி அடைக்கும்போது நான்கு நாட்கள் மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். எனக்குச் சும்மா உட்காரப் பிடிக்காது. போன ஊரில் உள்ளதை எல்லாம் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு ஓரிடத்தில் இருந்தால் போதும். எங்கே போகலாம் என்று கேட்டால், "எங்கே போனாலும் சரிங்க" என்று சொல்லிவிடுகிறாள். எங்கள் இருவருக்கும் பொருந்துவது ஊட்டியா, வால்பாறையா? காலை எனக்கு, மாலை அவளுக்கு என்று பொழுதைப் பிரித்துக்கொண்டால் சரியாக இருக்குமா? சொந்தக் காரில் போவதா, பேக்கேஜில் போவதா? நாள்வாரியாகப் போட்ட திட்டத்தை இணைத்துள்ளேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு நாட்களில் 19 இடங்கள். இரண்டாம் நாள் காலை 6.40க்குக் கிளம்புவது, 7.25க்கு டிபன், 8.10க்கு முதல் இடம் என்று போகிறது. கட்டிங் என்றைக்கு, செக்கிங் என்றைக்கு, பேக்கிங் என்றைக்கு என்று ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பழகிய கை போட்ட திட்டம் அது. உங்கள் தொழிலில் அந்தப் பழக்கம் இல்லாமல் பிழைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் மனைவி பேசியதாக நீங்கள் எழுதியிருப்பது மூன்றே சொற்கள். அந்த மூன்று சொற்களையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

காரா, பேக்கேஜா என்பதை உங்கள் கையிருப்பைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். காரில் நீலகிரிக்குப் போவதென்றால் இ-பாஸ் என்னும் நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அந்த நடைமுறை இருக்கிறது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

"எங்கே போனாலும் சரிங்க" என்ற சொல்லை நம் கொங்கு வீடுகளில் எத்தனை வகையாகக் கேட்டிருக்கிறோம்! என்ன குழம்பு வைக்கட்டும் என்பதில் தொடங்கி, எந்தச் சேலை எடுக்கலாம், எந்த ஊர்க் கலியாணத்துக்குப் போகலாம் என்பது வரைக்கும், "உங்க இஷ்டமுங்க" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நாம் எழுந்துவிடுகிறோம். அதை அடக்கம் என்று பாராட்டவும் செய்கிறோம். தனக்கு வேண்டியதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்து, அது கணக்கில் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு மனிதர்கள் சொல்லும் சொல் அது. உங்கள் மனைவி முதல் ஆண்டில் என்ன சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார்.

இதை நான் அதிகாரத்தோடு சொல்லக் காரணம் இருக்கிறது. 1987 தை மாதம், திருமணமான புதிதில், கோபியிலிருந்து நானும் என் மனைவியும் ஊட்டிக்குப் போனோம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் தொடங்குகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றும். நீராவி எஞ்சின் என்பதால் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும். அப்படி ஹில்குரோவ் ஸ்டேசனில் நின்றது.

என் மனைவி இறங்கினாள். தண்டவாளத்தை ஒட்டிய பாறைச் சுவரில் பாசி படர்ந்து, அதன் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் உள்ளங்கையைக் குழித்து அதன் கீழே நீட்டிக்கொண்டு நின்றாள். கை நிறைவதற்கு வெகுநேரம் ஆனது. நிறைந்ததும் கீழே விட்டுவிட்டு மறுபடியும் நீட்டினாள். நான் பெட்டிக்குள் இருந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டியில் இறங்கியதும் தொட்டபெட்டா, இருட்டுவதற்குள் தாவரவியல் பூங்கா, மறுநாள் வேனில் பைக்காரா என்று என் சட்டைப்பையிலும் ஒரு திட்டம் இருந்தது. ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. இருந்தும், "வா, ஏறு" என்று சத்தம் போட்டேன். அவள் ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மறுநாள் பைக்காரா போகும் வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, எதையும் பார்க்காமலே போய்வந்தாள். எங்கே போகலாம் என்று அதற்குப் பிறகு நான் கேட்ட போதெல்லாம் அவள் சொன்ன பதில், உங்கள் மனைவி சொன்ன அதே மூன்று சொற்கள்தான்.

மகளின் கலியாணம் முடிந்த பிறகு ஒரு நாள், இதுவரை போன ஊர்களில் உனக்கு எது நினைவிருக்கிறது என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அந்தத் தண்ணி சொட்டுற ஸ்டேசன்ல ஒரு பகல் உக்கார உட்டிருந்தா எனக்குப் போதுமுங்க" என்றாள். இருபத்தைந்து ஆண்டுகள் அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். நான் கேட்கத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலை எனக்கு, மாலை அவளுக்கு என்ற பங்கீடு மலையில் நடக்காது, தம்பி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏறி இறங்கித் தலை சுற்றிக் கிடப்பவருக்கு நீங்கள் கொடுக்கும் மாலைப் பொழுதால் என்ன பயன்? பொழுதைப் பிரிப்பதற்குப் பதில் ஆளாளுக்குப் பிரிந்து இருக்கலாம். கணவனும் மனைவியும் போனால் நான்கு நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் விதித்தது? ஒரே இடத்தில் நான்கு நாளும் தங்குங்கள். வால்பாறை என்றால், விடிந்த பிறகு உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு நீங்கள் புதுத்தோட்டம் பக்கம் போய்ச் சிங்கவால் குரங்குகளைப் பாருங்கள். அடுத்த நாள் சோலையாறு அணைக்குப் போங்கள். உங்கள் மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும். திரும்பி வந்து பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள். மனைவியை விட்டுவிட்டுச் சுற்றப் போய்விட்டான் என்று உறவுக்காரர்கள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

ஊட்டி என்று முடிவானால் ஒன்றை மனதில் வையுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் உள்ள சரிவு வடகிழக்குப் பருவமழைக்கு முகம் காட்டி நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது அடிக்கடி நடக்கும். ரயிலை மட்டுமே நம்பித் தீபாவளிக்குக் கிளம்பாதீர்கள். வால்பாறையைப் பெரிதும் நனைப்பது தென்மேற்குப் பருவமழை. தீபாவளிச் சமயத்தில் ஆடி மாதத்து அடைமழை இருக்காது. ஆனாலும் குடை கட்டாயம் வேண்டும்.

இணைத்து அனுப்பிய திட்டத்தை இன்று இரவு உங்கள் மனைவியிடம் காட்ட வேண்டாம். இந்த மூன்று ஆண்டுகளில் நாம் போன இடங்களில் எந்த ஒரு மணி நேரம் உனக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். உடனே பதில் வராமல் போகலாம். கைப்பேசியை எடுக்காமல் காத்திருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். எந்த மலை என்பதை அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்.