டொக்டரிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்குச் சுன்னாகம். மகனுக்கு எட்டு மாதம். மார்கழி தொடங்கியதிலிருந்து தடிமனும் இருமலும் மாறி மாறி வருகிறது. மாமிக்குக் கைவைத்தியத்தில் நல்ல நம்பிக்கை. தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சிலும் மூக்கடியிலும் பூசுகிறார். துளசிச் சாற்றில் தேன் கலந்து நாக்கில் தடவுகிறார். இரவில் நித்திரை கொள்ளட்டும் என்று வசம்பும் சாதிக்காயும் உரைத்துப் பருக்குகிறார். வேண்டாம் என்றால், "நான் நாலு பிள்ளை வளர்த்தனான்" என்பார். கணவர் கனடாவில். "அம்மா சொல்லுறதைக் கேளும்" என்பதுதான் அவருடைய பதில். போன கிழமை டொக்டரிடம் காட்டினோம். வீட்டில் ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார். மாமி பக்கத்தில் நின்றபடியால் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு சிரப் தந்தார். அக்கா, கைவைத்தியத்தில் எது நல்லது, எது கூடாது? மாமியின் மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது? — ஓர் இளம் தாய்

பதில்: தங்கச்சி, எது நல்லது, எது கூடாது என்று நீங்கள் கேட்டதற்குக் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முதல், போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "இல்லை என்று சொல்லிவிட்டேன்."

ஏன் சொன்னீர்கள்? மாமி பக்கத்தில் நின்றார், சரி. மடியில் மகன் இருந்தானே. அவனுக்கு எட்டு மாதம். "அம்மம்மா எனக்கு இன்னது தந்தவ, அப்பம்மா இன்னது தந்தவ" என்று அவனால் சொல்ல முடியாது. அவனுக்காகப் பேச அந்த அறையில் இருந்த ஒரே வாய் உங்களுடையது. அந்த வாய் பொய் சொன்னது. டொக்டர் அந்தப் பொய்யை நம்பித்தான் சிரப்பை எழுதினார். தடிமனுக்குக் கொடுக்கிற சிரப்புகளில் சில பிள்ளையை உறங்க வைக்கும். சாதிக்காயும் உறங்க வைக்கும். இரண்டும் ஒரே இரவில் ஒரே வயிற்றுக்குள் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. கேட்டபோது சொல்லாத ஆள் நீங்கள்.

இதே கடிதம் எனக்கு எத்தனையோ வந்துவிட்டது. ஊர் மாறும், மருந்து மாறும், டொக்டரிடம் மறைத்தது மட்டும் மாறாது. நானும் மறைத்தவள்தான். அதைச் சொல்கிறேன்.

என் மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. வயிற்றோட்டமும் காய்ச்சலும். இரண்டாம் நாள் பின்னேரம் தூங்கியவள் எழும்பவேயில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், திரும்ப மூடிவிடுவாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "வீட்டில் என்ன கொடுத்தனீங்கள்?" என்று கேட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் வேறோர் இடத்தில் ஒரு டொக்டர், வேப்பெண்ணெய் பூசியதற்காக அத்தனை பேர் முன்னால் என்னை ஏசியிருந்தார். அந்த வெட்கம் இன்னும் மாறவில்லை. "ஒண்டும் குடுக்கேல்லை" என்றேன்.

காய்ச்சல், மயக்கம். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அவர்கள் நினைத்ததில் பிழையே இல்லை. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தி, இறாலைப்போல வளைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள முதுகெலும்புக்குள் ஊசி போனது. அப்போதுதான் முதல்தரமாக அழுதாள். அந்தச் சத்தம் கேட்டு விறாந்தையில் இருந்த என் அம்மா எழும்பி வந்தார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அந்த இளம் டொக்டரிடம், "தம்பி, வயித்தோட்டம் நிக்கட்டும் எண்டு நான் சாதிக்காய் உரைச்சுப் பருக்கினனான். பாதிக் காய் இருக்கும்" என்றார். அவர் ஏசவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுத் துண்டில் எழுதினார். அடுத்த நாள் மத்தியானம் பிள்ளை தெளிந்துவிட்டாள். உரைத்துக் கொடுத்த அம்மாவுக்கு வந்த துணிவு, பெற்ற எனக்கு வரவில்லை.

ஏசுகிற டொக்டர்மார் இருக்கிறார்கள்தான். அது அவர்கள் பிழை. ஏச்சு வாங்கினால் உங்களுக்கு ஐந்து நிமிடம் முகம் சிவக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து பிள்ளையை ஊசிக்குக் கொடுக்கக் கூடாது. மொழி தெரியாது என்ற சாட்டும் இங்கே செல்லாது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இங்கிலீஷ் வைத்தியத்தையே தமிழில் படிப்பித்தார், அதற்கான புத்தகங்களையும் தமிழில் ஆக்குவித்தார். அவ்வளவு காலமாக டொக்டரோடு தமிழில் கதைக்கிற ஊர் இது.

பரியாரியாரிடம் போனாலும் முதல் கேள்வி அதுதான்: என்ன தின்றது, என்ன கொடுத்தது. யாழ்ப்பாணத்துப் பழைய சித்த வைத்திய நூலான பரராசசேகரத்தில் பிள்ளைகளின் நோய்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் படிப்பாகவே படிக்கிறார்கள். வயது, நாடி, பத்தியம், அளவு எல்லாம் பார்த்துக் கொடுப்பதற்குத்தான் வைத்தியம் என்று பெயர். நினைவில் நின்ற பாதியை வைத்துக்கொண்டு அடுப்படியில் கலக்குவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்டவை.

தேன். ஒரு வயது முடியும்வரை ஒரு துளியும் கூடாது. தேனுக்குள் சிலவேளை ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும். பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும், போட்டுலிசம் என்பார்கள். மலச்சிக்கலில் தொடங்கும். அப்புறம் அழுகுரல் மெலியும், பால் இழுக்கமாட்டான், கழுத்து நிற்காது, மூச்சுவரைக்கும் போகலாம். சூடாக்கினாலும் அந்த வித்து சாகாது, வன்னிக் காட்டுத்தேன் என்றாலும் கதை அதுதான். ஒரு வயது தாண்டட்டும். அதற்குப் பிறகு இரவு இருமலுக்குப் படுக்கும்போது அரைத் தேக்கரண்டி தேன் நல்ல மருந்து. அதை மாமி தாராளமாகக் கொடுக்கலாம்.

கற்பூரம். இதைத்தான் இன்றைக்கே நிறுத்த வேண்டும். சாமியறைக் கற்பூரம் எரிக்கச் செய்தது. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். தோலாலும் உள்ளே இழுபடும், குழந்தையின் தோல் மெல்லியது. மூக்கடியில் பூசினால் மூச்சே தடைப்படலாம். இரண்டு வயதுக்குள் நெஞ்சிலும் வேண்டாம், கடையில் டப்பாவில் விற்கிற தைலமும் வேண்டாம். அந்த எண்ணெய் எந்தப் போத்தலில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சோடாப் போத்தலிலோ மருந்துப் போத்தலிலோ இருந்தால் இப்போதே வெளியே ஊற்றுங்கள். இன்னும் இரண்டு மாதத்தில் மகன் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பான்.

சாதிக்காயும் வசம்பும் வேண்டாம். இருமுகிற பிள்ளை ஏன் நித்திரை கொள்ளவில்லை என்பதுதான் நாங்கள் அறிய வேண்டியது. நித்திரையாக்கிவிட்டால் அது மறைந்துபோகும். குளிக்க வார்த்தபின் மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நெஞ்சுக்குள் இறங்கினால் சளிச்சுரம் வரும். சாம்பிராணிப் புகை பிடிக்க வேண்டாம். நாவூறு கழிக்கட்டும், நானும் கழித்தவள்தான். செத்தல் மிளகாயை மட்டும் பிள்ளை படுக்கிற அறையை விட்டு முற்றத்தில் கொண்டுபோய் எரியுங்கள்.

எட்டு மாதத்துத் தடிமனுக்கு வேண்டியது கொஞ்சம்தான். பாமசியில் உப்புநீர் மூக்குத்துளி வாங்கி, பாலுக்கு முதல் ஒவ்வொரு துளி விடுங்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் என்றால் பனடோல் சிரப், அவனுடைய நிறைக்கு டொக்டர் சொன்ன அளவில். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர் வளர்ந்த பிள்ளைக்கு இதமாக இருக்கும். இப்போதைக்கு அதை மாமி உங்களுக்கு அவித்துத் தரட்டும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூள் ஒரு பைக்கற், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர், சரியாக ஒரு லீற்றர். 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கஞ்சி கொடுக்கலாம். "வயித்தைக் காயப்போடு" என்று பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாரிகாலம் டெங்குக் காலமும்கூட. காய்ச்சலுக்கு அஸ்பிரின், புரூபன் எதையும் நீங்களாகத் தொடக் கூடாது. பப்பாசி இலைச் சாற்றை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

மகன் அமைதியாக இருக்கும்போது சட்டையைக் கழற்றி, ஒரு நிமிடம் முழுக்க மணிக்கூட்டைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்ப எழும்பாவிட்டால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மாமிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் "நாலு பிள்ளை வளர்த்தனான்" என்ற வார்த்தை ஒரு தொல்லையாக வருகிறது. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. உங்கள் கணவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தால் மாமி அவரை வளர்த்தது போர்க்காலத்தில், இங்கே பொருளாதாரத் தடை இருந்தபோது. மருந்துக்கடையில் மருந்து இல்லை, வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த வசம்புத் துண்டுதான் டிஸ்பென்சரி. அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன். அவரை வாயடைக்க வழி கேட்டால் நான் சொல்லித் தரமாட்டேன்.

நீங்கள் மாமியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மாமி, அண்டைக்கு டொக்டரிட்ட ஒண்டும் குடுக்கேல்லை எண்டு பொய் சொல்லிப்போட்டன். அது மனசுக்குள்ளை கிடந்து அரிக்குது. என்ன, எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் வந்து சொல்ல வேணும்." கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். பிழை உங்களுடையது என்று தொடங்குங்கள், அது உண்மையும்கூட. என் அம்மா விறாந்தையில் இருந்து எழும்பி வந்ததுபோல உங்கள் மாமியும் வருவார். பேரனுக்காக வராத அப்பம்மாவை நான் கண்டதில்லை. "டொக்டரிட்டக் கேட்டபிறகு குடுப்பம்" என்று இன்றைக்குத் தள்ளிவையுங்கள். தேனையும் கற்பூரத்தையும் டொக்டரே தன் வாயால் மறிக்கட்டும். நீங்கள் மறித்தால் அது மருமகளின் வாய்க்கொழுப்பாகிவிடும். மூச்சு எண்ணுகிற வேலையை மாமியிடமே கொடுங்கள். உங்களைவிட அவருக்குப் பொறுமை இருக்கும்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. தம்பி, வீடியோவில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு "அம்மா சொல்லுறதைக் கேளும்" என்று சொல்லிப்போட்டு வேலைக்குப் போவது தகப்பன் வேலை இல்லை. உங்கள் அம்மாவிடம் கதைக்க வேண்டியவர் நீங்கள். மனைவியை நடுவில் நிறுத்தாதீர்கள். இன்று இரவே தாயை அழைத்து, "அம்மா, பிள்ளைக்கு என்ன குடுத்தாலும் டொக்டருக்குத் தெரியவேணும்" என்று சொல்லுங்கள்.

தங்கச்சி, அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாளைக்கே போங்கள். கிளினிக் கொப்பி, அந்த சிரப் போத்தல், கற்பூர எண்ணெய் இருந்த போத்தல், உரைகல்லில் தேய்ந்த மிச்சச் சாதிக்காய், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பையை மாமியின் கையில் கொடுங்கள்.