மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதை சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். உப்புப் போடாதது, ஒரு கைப்பிடி. ஐந்து மணிக்குப் பசித்து, டீயோடு பிஸ்கட்டைக் கொறிக்கிற ஆபீஸ்காரர் நீங்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். கைப்பிடி என்றால் 30 கிராம். அதிலேயே ஏறத்தாழ 175 கலோரி இருக்கிறது, புரதம் 6 கிராம். வைட்டமின் ஈ ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். மெக்னீசியமும் நன்றாகவே உண்டு. ஆனால் எடையில் பாதி கொழுப்பு. நல்ல கொழுப்புதான், அதற்காகப் பாக்கெட்டோடு உட்காரக் கூடாது.

உப்பைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல என் அம்மாதான் காரணம்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் மாதாமாதம் அம்மாவுக்கு வறுத்த விதைப் பாக்கெட் அனுப்பினேன். உப்புப் போட்டது. பின்பக்கம் எழுதியிருந்த சோடியம் அளவை நான் படிக்கவே இல்லை. அம்மாவுக்குப் பத்து வருஷமாகப் பிரஷர் உண்டு. மூன்றாவது மாதம் 170/100. டாக்டர் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் தொடுறதே இல்ல சார். பிள்ள அனுப்புற விதையத்தான் திங்கேன், ஒடம்புக்கு நல்லதுன்னு." நான் அப்போது போனில் இருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் அரைப் பாக்கெட் காலியாகுமாம்.

உப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, மாத்திரையையும் மாற்றித்தான் கொடுத்தார்கள். நான் டாக்டரும் இல்லை. ஆனால் உப்பை நிறுத்தியதும் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இப்போது பச்சை விதை அனுப்புகிறேன். அம்மா எண்ணெய் விடாமல் வாணலியில் லேசாகச் சிவக்க வறுத்து, சின்னக் கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொள்கிறார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். இதில் பாஸ்பரஸ் அதிகம்.

'வேர்க்கடலை இருக்க இது எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு: கடலையில் புரதம் கூடுதல், விலையும் குறைவு, மறுக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. விதைப்புக்கு விற்கிற விதையை மலிவு என்று வாங்கித் தின்றுவிடாதீர்கள். மருந்து கலந்து சாயம் ஏற்றியிருக்கும். எங்கள் ஊர் தென்காசி சுந்தரபாண்டியபுரம் பக்கம், அப்பா சூரியகாந்தி போடுகிறவர் என்பதால் இது தெரியும். அவர் போடுவது எண்ணெய்க்குப் போகிற சின்னக் கறுப்பு விதை. நீங்கள் கொறிப்பது வேறு, பருப்புப் பெரிதான ரகம்.

ஊர்ப் பேச்சு வந்துவிட்டதால் கேட்காததையும் சொல்கிறேன். குற்றாலச் சாரல் நேரத்தில் பூப் பார்க்கக் கார் காராக வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் வரப்பில் நின்று படம் எடுத்தால் போதாதா? நடுவயலுக்குள் இறங்கி, பூவை வளைத்து முகத்தோடு வைத்துக்கொள்கிறார்கள். தண்டு ஒடிந்துவிடுகிறது. விதை பால் பிடிக்கிற நேரம் அது. கிளிக்கும் மயிலுக்கும் விடியற்காலையிலிருந்து தகரம் தட்டிக் காவல் காக்கிற அப்பா, இவர்களிடம் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர்கள் போன பிறகு, ஒடிந்த பூக்களைப் பொறுக்கி ஆட்டுக்குப் போடுவார்.