பட்டிப் பதில்கள்: முதலில் தண்ணீர்த் தொட்டி

கேள்வி: அம்மா, பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு கலப்பினப் பசு, 15 வெள்ளாடு, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நாட்டுக்கோழி. காலை நாலரைக்கு எழுந்தால் இரவு வரை இடுப்பு நிமிரவில்லை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஆட்டுக்குத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்த பரண் கொட்டகை போடலாமா, தீவனம் நறுக்கும் எந்திரம் வாங்கலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எந்த வேலையைச் செய்யும்போது உங்கள் வாயில் வசவு வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். முதல் பணம் அங்கேதான் போக வேண்டும்.

எனக்கு அது தண்ணீர் சுமக்கும் வேலை. தாராபுரத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் கிணற்றடிக்கும் கட்டுத்தரைக்கும் அறுபது தப்படி இருக்கும். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம், தவிடு கலந்து காட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் பசு கோடையில் 70, 80 லிட்டர் தண்ணீர் குடிக்கும். நான் இரண்டு மாட்டுக்கும் சேர்த்தே அவ்வளவு காட்டவில்லை. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே? குடத்தில் இல்லாதது மடியில் எப்படி வரும்?

ஒரு சிமெண்ட் தொட்டி, அரை அங்குலக் குழாய், கழிப்பறைத் தொட்டிக்குள் போடுகிறார்களே அந்த மிதவை வால்வு. இவ்வளவுதான் செலவு. மாடு குடிக்கக் குடிக்க மிதவை இறங்கும், தண்ணீர் தானே நிரம்பும். முதல் வாரமே மூத்த பசு மிதவைப் பந்தை நக்கி நக்கி முறித்துவிட்டது. அப்புறம் தொட்டியின் அந்த மூலையைக் கடப்பைக்கல் துண்டால் மூடினேன். நீங்கள் முதலிலேயே மூடிவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொட்டியைக் காலிசெய்து, தேங்காய் நாரால் தேய்த்து, உள்ளே சுண்ணாம்பு பூசிக் காயவிட்டால் பாசி பிடிக்காது.

அந்த மாதமே வேளைக்கு அரை லிட்டர் பால் கூடியது. அதைவிட, காலையில் எனக்கு அரை மணி நேரம் மிஞ்சியது பெரிதாகப் பட்டது. அந்த நேரத்தைக் கறவைக்குப் பின் செலவிடுகிறேன். கறந்து முடித்த காம்பின் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு ஈரச் சாணியில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் போகும். அதனால் கறந்த கையோடு முன்னால் ஒரு கட்டு சோளத்தட்டைப் போட்டுவிடுவேன். மாடு நின்றுகொண்டே தின்னும். அதற்குள் நான் பின்னால் சாணியை வழித்துக் கட்டுத்தரையைக் கூட்டி முடித்துவிடுவேன். எந்திரத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பரண் கொட்டகை இல்லாமல் வெள்ளாடு வளர்த்தால் நட்டம்தான் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: யார் சொன்னது? கொட்டகை விற்கிறவரா?

மழை அதிகம் பெய்து தரை ஈரம் காயாத இடமாக இருந்தால், ஆடு வெளியே மேயாமல் கட்டுத்தீனி மட்டும் தின்பதாக இருந்தால், பரண் நல்லது. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், குளம்பு அழுகாது, புழுத் தொல்லையும் குறையும். எங்கள் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரத்துக் காயும் தின்று வளரும் செம்மறிக்குப் பரண் எதற்கு? இரவில் படல் கட்டிப் பட்டியில் அடைக்கிறோம். நாலு நாளுக்கு ஒரு முறை படலைப் பிடுங்கி இடம் மாற்றிவிட்டால் அந்த மண்ணுக்கு எருவும் ஆயிற்று.

வெள்ளாட்டுக்கு நானும் ஒரு பரண் போட்டேன், தப்பாகப் போட்டேன். கம்பம் மிச்சமாகட்டும் என்று தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் போதும் என்றேன். இன்று வரை புழுக்கை அள்ளத் தவழ்ந்துதான் உள்ளே போகிறேன். தலையில் இடிக்காத நாள் கிடையாது. நான்கு அடிக்குக் குறையாமல் போடுங்கள். இரண்டாவது தப்பு, பலகை இடுக்கு. ஆசாரி ஒரு அங்குலம் விட்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறந்து ஒன்பது நாள் ஆன குட்டியின் முன்னங்கால் அதில் இறங்கிவிட்டது. விடியற்காலையில் அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. பலகையை அறுத்துத்தான் காலை வெளியே எடுத்தோம். இடுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், குட்டிகளை அடைக்கும் அறையில் அதையும் குறையுங்கள். பெரிய ஆட்டுக்கு ஆளுக்குப் பத்துச் சதுர அடியாவது இடம் கொடுங்கள்.

கேள்வி: கோ 4 தீவனப் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடுகிறது.
– வாசகர், குளித்தலை

பதில்: முற்றவிட்டிருப்பீர்கள். நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒரு முறை. அதைத் தாண்டினால் அது புல் இல்லை, கழி. ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிப் போடுங்கள். வரப்போரம் வேலிமசாலும் அகத்தியும் வைத்து அதில் கொஞ்சம் கலந்தால் பிண்ணாக்குச் செலவும் இறங்கும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் ஆட்டுக்குட்டிகள் கழிந்து கழிந்து செத்துப்போகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை புழு மருந்து ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.
– வாசகி, அரவக்குறிச்சி

பதில்: கண்ணு, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதவில்லையே. பெரும்பாலும் எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி அளவாக இருக்கும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குறைவாக ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சாக்கில் கயிறு கட்டித் தூளியாக்கி, தொங்கும் தராசில் குட்டியை நிறுத்துப் பாருங்கள். கண்ணால் போட்ட கணக்கு எவ்வளவு பொய் என்று தெரியும். சினையான முதல் மாதத்தில் சில புழு மருந்துகள் ஆகாது, கேட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

வாரம் ஒரு நாள் ஆட்டின் கீழ் இமையை விரித்துப் பாருங்கள். செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு உள்ளே இருக்கிறது. தாடைக்கு அடியில் பை போல் வீங்கினால் முற்றிவிட்டது என்று பொருள். புதுப் புழுக்கையைத் தீப்பெட்டியில் போட்டு அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் என்ன புழு என்று பார்த்துச் சொல்வார்கள்.

மேய்ச்சலையும் மாற்றுங்கள். பனி ஈரத்தில் புழுவின் இளம்பருவம் புல் நுனிக்கு ஏறி நிற்கும். ஈரம் காய்ந்த பிறகு பட்டியைத் திறங்கள். இன்னொன்று, மழைக்குப் பின் தளதளவென்று முளைக்கும் இளம்புல்லைத் திடீரென்று வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வரும். நேற்று வரை துள்ளி விளையாடிய கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வந்த பிறகு மருந்து தேட நேரம் இருக்காது, மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். ஆபத்து என்றால் 1962க்குப் பேசுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

கேள்வி: எங்கள் ஆடு எந்த வேலியையும் தாண்டுகிறது. என்ன செய்வது?
– வாசகர், மூலனூர்

பதில்: கிளுவை வேலி நிறைந்த மூலனூர்க்காரர் என்னிடம் கேட்பதா! கிளுவைப் போத்தை, அதாவது கிளைக் கம்பை, நான்கடிக்கு வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக நடுங்கள். மூன்று, நான்கு வருடத்தில் முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டு கோழிகூட நுழையாத உயிர்வேலி ஆகிவிடும். அதுவரைக்கும்தான் சங்கடம். எங்களிடம் அப்படி ஒரு கிடா இருந்தது. தாண்டாமல் இருக்கக் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிட்டேன். கட்டையோடு தாண்டியது. மாரியம்மன் நோம்பிக்கு விற்றுவிட்டேன்.