பிள்ளைக்கு மனநல சிகிச்சையால் பாதிப்பு என்றால் யாரிடம் சொல்வது?

பினாங்கில் 9 வயது மகனுக்குக் கவுன்சலிங் தொடங்கியபின் நிலைமை மோசமாகிவிட்டது, எங்கே அறிவிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையில் ஆரம்பத்தில் பதற்றம் கூடுவது உண்டு. போகப்போகக் குறைய வேண்டும். குறையாமல், படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போய் மறுபடி திரும்பினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்காதீர்கள். அழுத்திப் பிடிப்பதும் போர்வையில் இறுகச் சுற்றுவதும் சிகிச்சையே அல்ல. 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் அப்படிச் சுற்றப்பட்ட 10 வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள்.

இன்றே நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். ‘ஒரு மாதிரி இருக்கான்’ என்று எழுதினால் புகார் நிற்காது. ‘செவ்வாய் அமர்வு, அன்றிரவு மூன்று முறை அலறி எழுந்தான், புதன் பள்ளிக்குப் போக மறுத்தான்’ என்று எழுதுங்கள். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவன் சொன்ன வார்த்தையையே குறியுங்கள்.

முதலில் சிகிச்சையாளரிடம் பேசுங்கள். பதில் சரியில்லையென்றால், அவர் பதிவு பெற்ற கவுன்சலரா (1998 கவுன்சலர் சட்டம், எண் 580) மருத்துவ உளவியலாளரா (2016 துணை மருத்துவத் தொழில் சட்டம், எண் 774) என்று பார்த்து, முன்னவருக்குக் கவுன்சலர் வாரியம், பின்னவருக்குத் துணை மருத்துவத் தொழில் மன்றம் என எழுத்தில் புகார் கொடுங்கள். மனநல மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றம். அடித்தாலோ தகாத முறையில் தொட்டாலோ நேரே போலீஸ், அல்லது தாலியான் காசே (Talian Kasih) உதவி எண் 15999. மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள்.